பொறுப்பாளர் பெயர்

விண்ணப்பத்தை வாங்கிப் படித்த ரைட்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "இதுல ஜென்ட்ஸ் யாரும் கையெழுத்துப் போடலையா மேடம்?"

மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தோம். ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர், மூன்றாவது நான். மார்ச் 8 அன்று மாலை இரண்டு மணி நேரம் கடற்கரையில் கூடிப் பேசவும், பறை அடிக்கவும், கவிதை வாசிக்கவும் அனுமதி கேட்டிருந்தோம். மூவரின் முகவரியும் அலைபேசி எண்ணும் தாளிலேயே இருந்தன.

"ஏதாவது பிரச்சனைன்னா நாங்க யாரைக் கூப்பிடறது?"

"எங்களைத்தான் சார்."

"அது சரிம்மா. பொறுப்பா ஒருத்தர் வேணும்ல?"

அவர் முரட்டுத்தனமாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நாங்களும் சண்டை போடவில்லை. கல்லூரி ஆசிரியரோடு வேலை செய்யும் ஒரு நண்பரை அலைபேசியில் அழைத்தோம். அவர் அரை மணி நேரத்தில் வந்து நான்காவதாகக் கையெழுத்திட்டார். விண்ணப்பம் வாங்கிக்கொள்ளப்பட்டது. நல்ல மனிதர் அவர். எங்கள் நிகழ்ச்சிக்கு அவர் வரக்கூட இல்லை, அன்று அவருக்கு வேறு வேலை இருந்தது.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த நான்காவது கையெழுத்து இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் பொதுக்கூட்ட அனுமதி என்ற இந்தச் சாதாரணத் தாளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

*

சென்னையில் கூட்டம் நடத்த நாம் யாரிடம், எதன்படி அனுமதி கேட்கிறோம்? 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம், 41-ஆம் பிரிவு. பொது இடத்தில் கூட்டமோ ஊர்வலமோ நடத்த விரும்புகிறவர்கள் ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பொது அமைதிக்காகவோ பாதுகாப்புக்காகவோ அவசியம் என்று காவல் ஆணையர் கருதினால் எழுத்து மூலம் தடை விதிக்கலாம். அந்தத் தடை அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாட்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நாளிதழைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் ஒரு சிறு செய்தியைப் பலமுறை பார்த்திருப்பார்கள்: சென்னையில் கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி நடத்த 15 நாட்களுக்குத் தடை, ஆணையர் உத்தரவு. அந்த 15 நாள் முடிந்ததும் அடுத்த 15 நாள். 25 உத்தரவுகள் இருந்தால் ஓராண்டு முழுவதையும் மூடிவிடலாம். விதிவிலக்காக இருக்க வேண்டிய தடை வழக்கமாகிவிடுகிறது, கூடுவது விதிவிலக்காகிவிடுகிறது. உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில், "தயவுகூர்ந்து" என்று தொடங்கும் விண்ணப்பத்தை நாம் எழுதிக்கொண்டிருப்பது இதனால்தான்.

மாவட்டங்களில் இந்த வேலையை 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம், 30-ஆம் பிரிவு செய்கிறது. 1857 எழுச்சிக்குப் பிறகு, அதிர்ந்துபோன ஆட்சியாளர்கள் எழுதிய சட்டம் அது. எல்லோருக்கும் தெரிந்த 144 தடை உத்தரவும் காலனியக் குற்றவியல் நடைமுறையிலிருந்து வந்ததுதான். 2024 ஜூலை 1 முதல் அதன் எண் 163 ஆகிவிட்டது. பேச்சு வழக்கில் இன்னும் 144-தான்.

அந்த ஆட்சியாளர்கள் கூட்டத்தைக் கண்டு பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். சென்னையின் அரசியல் அந்த மணலில் வளர்ந்தது. அதே மெரினாவில் கூட்டம் நடத்த 2018-இல் உழவர்கள் அனுமதி கேட்டார்கள். தனி நீதிபதி ஒருநாள் அனுமதி கொடுத்தார். உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

இடையில் 1972-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்திருக்கிறது. அகமதாபாதில் மாணவர் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து ஹிம்மத்லால் ஷா தொடுத்த வழக்கு அது. பொது வீதிகளில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது. எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று வரையறுக்காமல் ஒரு காவல் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிடும் விதி செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இதை மாணவிகள் தங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காவல் நிலைய மேசையில் இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

*

இனி என் கேள்விக்கு வருகிறேன். பெண்கள் கூடினால், "பொறுப்பா ஒருத்தர்" எங்கே என்று ஏன் தேடுகிறார்கள்?

1938 நவம்பர் 13. சென்னை வால்டாக்ஸ் சாலை, ஒற்றைவாடை நாடக அரங்கம். நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ராவைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பள்ளிப் பாடத்தில் அந்த மாநாடு இந்த ஒரு வரியாகத்தான் வருகிறது: பெண்கள் கூடி ஓர் ஆணுக்குப் பட்டம் கொடுத்தார்கள். மறுநாள் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது பாடத்தில் இல்லை.

மறுநாள் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்டாய இந்தியை எதிர்த்து சௌகார்பேட்டை இந்து தியாலஜிகல் பள்ளி முன்னால் மறியல் செய்தார்கள். மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் முதல் அணியில் கைதானார்கள். சீதம்மாள் தன் குழந்தைகளோடு சிறைக்குப் போனார். அந்தப் போராட்டத்தில் மொத்தம் 73 பெண்கள் சிறை சென்றார்கள் என்றும், அவர்களோடு 32 குழந்தைகளும் போனார்கள் என்றும் பதிவு இருக்கிறது. மூடிய அரங்கத்திலிருந்து திறந்த தெருவுக்கு வர அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டது ஒரே இரவு.

அடுத்த மாதமே ஈ.வெ.ரா மீது வழக்கு வந்தது. அந்த மாநாட்டை ஒட்டிய பேச்சுகளால் பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. ஓராண்டு கடுங்காவல் தண்டனை. அந்தப் போராட்டத்தின்மீது ஆட்சி பயன்படுத்தியது, காங்கிரசை ஒடுக்க வெள்ளை அரசு 1932-இல் கொண்டுவந்த குற்றவியல் சட்டத் திருத்தம். பயன்படுத்தியதோ காங்கிரஸ் ஆட்சி.

இராமாமிர்தம் அம்மையாருக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராக நடந்து பேசியவர். காங்கிரசிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவரை ஒருவர் தூண்டித்தான் தெருவுக்கு வரவேண்டுமா? அரசின் காகிதம் அப்படித்தான் நினைத்தது. பெண்கள் கூட்டமாக நடந்தால் பின்னால் ஓர் ஆண் இருந்தாக வேண்டும், அவனே பொறுப்பாளி. பெண்களுக்குத் தண்டனை கொடுத்தாலும், அந்தச் செயல் அவர்களுடையது என்று அரசு முழுதாக ஏற்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ரைட்டரின் குரல் கேட்டது. "அது சரிம்மா."

*

எங்கள் விண்ணப்பத்துக்கு நான்காம் நாள் மாலை வரை பதில் வரவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைப்பு எங்களுக்கு வரவில்லை, நான்காவதாகக் கையெழுத்திட்ட நண்பருக்குத்தான் வந்தது. அவர் எனக்குச் சொன்னார்: கடற்கரை கிடையாது, எழும்பூரில் ராஜரத்தினம் விளையாட்டரங்கம் பக்கத்தில் நடத்திக்கொள்ளலாம், மாலை ஆறுக்குள் முடிக்க வேண்டும். காரணம்: "லேடீஸ் நிறைய வர்றாங்க, இருட்டிடும். அவங்க சேஃப்டிக்குத்தான்."

மறுப்பு எழுத்தில் இல்லை. கடைசி மாலையில் சொல்லப்பட்டதால் நீதிமன்றம் போகவும் நேரம் இல்லை. வாய்வார்த்தையாக, நேரம் கடந்து, வேறோர் இடத்தைக் கையில் கொடுத்து மறுப்பது எவ்வளவு வசதியான முறை என்று அன்று தெரிந்துகொண்டோம்.

பாதுகாப்பு என்ற காரணம் நம் ஊரில் பிறந்ததில்லை. அனுமதித் தாளோடு சேர்ந்து அது உலகம் முழுவதும் பயணம் செய்திருக்கிறது. 1913-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போக ஆலிஸ் பாலும் தோழியரும் அனுமதி கேட்டார்கள். அவர்கள் கேட்டது பென்சில்வேனியா அவென்யூ. நாடாளுமன்றத்தையும் வெள்ளை மாளிகையையும் இணைக்கும் அரசியல் வீதி. மறுநாள் புதிய குடியரசுத் தலைவர் வில்சன் அதே வீதியில் ஊர்வலமாக வரவிருந்தார். நகரின் காவல் தலைவர் ரிச்சர்ட் சில்வெஸ்டர் மறுத்தார். கூட்டம் அதிகம், காவலர் போதாது, பதினாறாம் தெருவில் போகலாமே என்றார். அது வீடுகள் நிறைந்த அமைதியான தெரு. பெண்கள் விடவில்லை. செல்வாக்குள்ளவர்களைப் பிடித்து, நாடாளுமன்றம் வரை போய் அந்த வீதியையே பெற்றார்கள்.

மார்ச் 3 அன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நடந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள் வீதியை அடைத்து, அவர்களைத் தள்ளி, இழுத்து, எச்சில் துப்பினார்கள். பல காவலர்கள் கைகட்டி நின்றார்கள். நூறு பேர் அளவில் மருத்துவமனைக்குப் போனார்கள். கடைசியில் குதிரைப்படை வந்துதான் வழி கிடைத்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்த அதே காவல்துறை, அனுமதி கொடுத்த நாளில் பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. பிறகு செனட் விசாரணை நடந்தது, சாட்சிகள் சொன்னார்கள், எல்லாம் பதிவானது. பெண்கள் தங்கள் பெயரில் அனுமதி வாங்கியிருந்ததால்தான் ஏன் காக்கவில்லை என்று கேட்க முடிந்தது.

அந்த ஊர்வலத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு, அதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை பொய்யாகிவிடும். தென் மாநில வெள்ளைப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று, கறுப்பினப் பெண்களைக் கடைசியில் நடக்கச் சொன்னார்கள் அமைப்பாளர்கள். இதழாளரும் போராளியுமான ஐடா பி. வெல்ஸ் மறுத்தார். கூட்டத்தில் நின்று காத்திருந்து, ஊர்வலம் போகும்போது தன் இல்லினாய் மாநில அணியோடு வரிசையில் சேர்ந்துகொண்டார். அனுமதி கொடுக்கும் மேசை காவல் நிலையத்தில் மட்டும் இல்லை. நம் கூட்டத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது. யார் முன்னால் நிற்பது, யார் ஒலிபெருக்கியைப் பிடிப்பது, யார் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவது என்று அங்கே தீர்மானிக்கிறோம்.

*

இந்தக் கதை பழையதில்லை. 2019 டிசம்பர் 29 காலை, சென்னை பெசன்ட் நகரில் பெண்கள் சிலர் மார்கழிக் கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலத்தில் எழுதினார்கள். பெண்கள் உள்ளிட்ட சிலரைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்து பிறகு விட்டது. அனுமதி இல்லை என்பது காரணம். வாசலில் கோலம் போட நம் பாட்டிகள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அது கடமை. அதே மாவால் ஒரு கருத்தை எழுதியவுடன் அது கூட்டமாகிவிட்டது. மறுநாள் பல வீட்டு வாசல்களில் அதே கோலம் வந்தது.

2020 பிப்ரவரி 14 முதல் வண்ணாரப்பேட்டையில் இஸ்லாமியப் பெண்கள் குழந்தைகளோடு இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மார்ச்சில் பெருந்தொற்று வரும்வரை அது நீடித்தது. தில்லி ஷாகீன் பாக் பற்றி அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எதிர்ப்பைத் தெரிவிக்கலாம், ஆனால் பொது வழியைக் காலவரையின்றி அடைக்க முடியாது, ஒதுக்கப்பட்ட இடங்களில் நடத்த வேண்டும். சாலையில் போகிறவர்களின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போகும் பெண்ணும் அந்தச் சாலையில்தான் இருக்கிறாள். ஆனால் ஒதுக்கப்பட்ட இடம் என்றால் யார் ஒதுக்கியது, யார் கண்ணில் படும்படி ஒதுக்கியது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

சென்னையில் அந்த இடங்கள் நமக்குத் தெரியும்: வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் விளையாட்டரங்கம். கடைசி இடம் இருக்கும் சாலையின் பெயர் ருக்மணி லட்சுமிபதி சாலை. 1930-இல் வேதாரண்யத்தில் தடையை மீறி உப்பு எடுக்கப் போய் ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர் அவர். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட முதல் பெண். பிறகு சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். அனுமதி கேட்காத ஒரு பெண்ணின் பெயர் கொண்ட சாலையில், ஆறு மணிக்குள் முடித்துவிடுவோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நின்றோம்.

*

அன்று எங்களில் அறுபது பேர் வந்திருந்தார்கள். இரும்புத் தடுப்புகளுக்குள் நின்றோம். கவிதை வாசித்தபோது கேட்டவர்கள் நாங்களும் காவலர்களும்தான். பேருந்தில் போனவர்கள் தடுப்பைத்தான் பார்த்திருப்பார்கள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்கள்.

சங்கத்து அக்கா ஒருவர் பேசவிருந்த நேரம் அது. நான்கு வீடுகளில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு வீட்டிலும் அரைநாள் விடுப்புக் கேட்டு, தன் வீட்டிலும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு நின்றுபோனதும் என்னிடம் சொன்னார்: "நாலு வீட்டுல கேட்டேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், ஸ்டேஷன்ல நீங்க கேட்டீங்க. இத்தனை பேரைக் கேட்டு வந்து நான் ஒரு வார்த்தை பேசலையே, பாப்பா."

பேசுகிறவர்கள் வரிசையில் அவரைக் கடைசியில் வைத்தது காவல்துறை இல்லை. அந்த வரிசையை எழுதியது நான். படித்தவர்கள் முதலில், கவிஞர்கள் அடுத்து, வேலைக்காரப் பெண்கள் கடைசியில். ஐடா வெல்ஸின் கதையை நான் அப்போதே அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் அப்படித்தான் எழுதினேன்.

அடுத்த ஆண்டு இரண்டு விஷயங்களை மாற்றினோம். வரிசையில் அந்த அக்காவை முதலில் வைத்தோம். விண்ணப்பத்தில் பெண்கள் மட்டும் கையெழுத்திட்டோம். ஆள் வேண்டும் என்று மறுபடி கேட்டார்கள். சட்டத்தில் எந்த இடத்தில் அப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்டோம். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் என்று தனிக் கடிதமும் வைத்தோம். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு எழுத்திலேயே மறுப்பு வந்தது. வழக்குத் தொடுக்க எங்களிடம் பணமும் துணிவும் இல்லை, அந்த ஆண்டும் கடற்கரை கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் எங்கள் பெயர்கள் இருந்தன. மனுதாரர்கள் என்று எங்கள் மூவரையும் குறிப்பிட்டு, எங்களுக்கு மறுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோழி ஒருத்தி கேட்டாள். பெருமை இல்லை. எனக்கு வரலாறு படிக்கும் பழக்கம் உண்டு. 1938-இல் தெருவுக்கு வந்த பெண்களைத் தேடினால் எனக்குக் கிடைப்பவை காவல் குறிப்புகள், நீதிமன்றத் தாள்கள், சிறைப் பதிவுகள். நம்மை விரும்பாதவர்கள் வைத்த கோப்புகளில்தான் நம் பொதுவாழ்வின் தடங்கள் மிஞ்சுகின்றன. இனி ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி எங்கள் முதல் ஆண்டுக் கூட்டத்தைக் காவல் நிலையக் கோப்பில் தேடினால், மாற்று இடம் சொல்லப்பட்டவர் என்று ஓர் ஆணின் பெயர்தான் இருக்கும். அவர் கூட்டத்துக்கே வராதவர். அந்தப் பிழையை அரசு செய்யவில்லை, அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நாங்களே செய்தோம்.

ஆகவே கூட்டம் நடத்தப் போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஐந்து நாளுக்கு முன்பே கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பொறுப்பாளர் யார் என்ற இடத்தில் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். அந்த அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அவருக்கு வழக்கு வந்தால் உடன் நிற்போம் என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். முதல் ஆண்டுத் தாளில் இருந்த மூன்று பெண்களின் கையெழுத்தை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டுத் தாளின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் காட்டுவேன்.